ஒன்றரை வண்டி

முதலில் அவர்கள் வந்தது ஒரு மழை நாளில்.
க்ரோனிங்கனில் எது மழை நாள் இல்லை, அதை விடுங்கள்.
இருவர் ஓட்டும் சைக்கிள் வேண்டும் என்றான் வீப்ரன்.
"முன்னால் யார்?" என்றேன்.
"நான்" என்றார்கள் இருவரும், ஒரே மூச்சில்.
பிறகு சிரித்தார்கள்.
நான் கால் அளவெடுக்கக் குனிந்தேன்.

முன்னால் இருப்பவருக்குக் கைப்பிடி திரும்பும்,
பிரேக் பிடிக்கும், சாலை தெரியும்.
பின்னால் இருப்பவருக்கு ஒரு முதுகு,
பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. அது எங்கும் திரும்பாது.
விற்கும்போது இதைச் சொல்வதில்லை.
இடப்பக்கச் சங்கிலியைத்தான் காட்டுவேன்:
இவர் கால் நின்றால் அவர் கால் நிற்கும்,
இவர் மிதித்தால் அவர் காலும் சுற்றும்.
"மிதிக்காமல் ஏமாற்றினால் தெரியுமா?" என்று கேட்டாள் கேஸ்கா.
"மேட்டில் தெரியும்."
"இந்த ஊரில்தான் மேடே இல்லையே!"
எதிர்க்காற்று உண்டு என்று
சொல்லியிருக்கலாம் நான்.

ஒன்பது வருஷம்.

மறுபடி வந்தபோது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்
ஆளுக்கொரு பக்கமாய்.
பின் பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது,
முன் பெடலில் வரிகூட அழியவில்லை.
யார் எங்கே உட்கார்ந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.
"இதை இரண்டாக்க முடியுமா?"

சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்து காட்டினேன்.
நடுவில் அறுத்தால் இதற்கொரு சக்கரம், அதற்கொரு சக்கரம்;
இரண்டும் நிற்காது.
சுவரில் சாய்த்துவைக்கலாம்.
இருவரும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
அப்போதுதான் பட்டறை மூலையில்
என் வெல்டிங் முகமூடி தானாக நகர்ந்தது.
"உள்ளே ராத்திரி" என்றது முகமூடி.
அவள் பெயர் ஈல்கியா. வயது ஆறு.

மூன்று வாரம் பிடித்தது.
பின்பாதியைக் குறுக்கி, சட்டத்தைத் தாழ்த்தி,
சின்னச் சக்கரங்கள் இரண்டு பூட்டினேன்.
முன்சக்கரம் மடங்கி மேலே தொங்கும், இழுத்துப் போகையில்.
இறக்கிப் பூட்டினால் தனி வண்டி.
அப்பாவின் சைக்கிளிலும் அம்மாவின் சைக்கிளிலும்
இருக்கைக்குக் கீழே ஒரே அளவில் ஒரு கொக்கி.
மாட்டும்போது 'க்ளக்' என்று கேட்க வேண்டும்.
அந்தச் சத்தத்துக்காக நான்கு ஸ்பிரிங் மாற்றினேன்.
கழற்றும்போதும் ஏதாவது கேட்கட்டும் என்று முயன்றேன்.
வரவில்லை.

வெள்ளி மாலை. தூக்குப்பாலத்துக்கு இந்தக் கரை அப்பா,
அந்தக் கரை அம்மா.
முதல் வாரம் நானும் போனேன், ஸ்பேனரோடு.
வீப்ரன் முள்ளை உருவினான். அதே நொடி
சிவப்பு விளக்கு, மணி,
பாலம் எழுந்து நின்றுவிட்டது.

மணல் ஏற்றிய படகு, அவசரமே இல்லாமல்.
மேல்தளத்து நாய் எங்கள் எல்லோரையும்
வரிசை தப்பாமல் குரைத்துப் போனது.
அக்கரையில் கேஸ்கா கையசைத்தாள்,
யாருக்கென்று தெரியாதபடி.
வீப்ரனும் பாதிக் கை உயர்த்தினான்.

பாலம் இறங்கியது.
அம்மா இந்தப் பக்கம் வந்து மாட்டிக்கொள்வதாக ஏற்பாடு.
அதற்குள் கீழே ஒரு 'க்ளக்'.
முன்சக்கரம் தரையில்.
ஈல்கியா போக்குவரத்துப் போலீஸ் போல்
அம்மாவை நோக்கி உள்ளங்கை காட்டினாள்:
நில்.

இருபத்திரண்டு மீட்டர். பிற்பாடு அளந்தேன், தொழில் புத்தி.
இரும்புத் தகடுகள் சேருமிடத்தில் ஒரு தள்ளாட்டம்.
வீப்ரனின் கால் தரையில் கிடந்து
இல்லாத பெடலை மிதித்தது.
நட்ட நடுவில் நிறுத்தினாள்.
ஒற்றைக் கால் ஊன்றி, தகட்டு இடுக்கில் தண்ணீர் பார்த்தாள்.
பின்னால் வேலை முடித்து வரும் ஊரே மணியடித்தது.
அப்பா அடிக்கவில்லை. அம்மா அடிக்கவில்லை.

என் வரைபடத்தில் இரண்டே நிலைகள்:
அப்பாவோடு, அம்மாவோடு.
நடுவில் இருந்ததை நான்
கொக்கி மாற்றும் நேரம் என்று மட்டும் குறித்திருந்தேன்.

செவ்வாயன்று கடைக்கு வந்தாள்.
மணி வேண்டுமாம்.
இழுபடும் வண்டிக்கு மணி எதற்கு என்று
கேட்க வாயெடுத்து,
பெட்டியைத் திறந்து தரையில் வைத்தேன்.
ஒவ்வொன்றாய் அடித்துப் பார்த்தாள்
நான் விளக்கணைக்கும் வரை.